அச்சேறாத கவசங்கள்

யாழ்ப்பாணத்து நூல் வரலாற்றில் அச்சுவேலிக்கு ஓர் இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ச. தம்பிமுத்துப்பிள்ளை அங்கே நடத்திய ஞானப்பிரகாச யந்திரசாலையே அதற்குக் காரணம். செம்மண் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த அச்சுக்கூடத்திலிருந்து கத்தோலிக்க சமய நூல்களும் நாடகங்களும் புனைகதைகளும் வெளிவந்தன. 'அழகவல்லி', 'சுந்தரன் செய்த தந்திரம்' ஆகிய கதைகளை அவர் தாமே எழுதினார். 1939இல் லண்டனில் 'பொயற்றி லண்டன்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கி, ஆங்கிலக் கவிதையுலகில் தம்பிமுத்து என்ற ஒற்றைப் பெயராலேயே அறியப்பட்டவர் (1915-1983) இவருடைய பேரன்தான். அச்சுக்கூடத்தின் மணம் மூன்றாம் தலைமுறையில் தேம்ஸ் நதிக்கரை வரை போயிருக்கிறது.

(அச்சு என்பதற்கும் அச்சுவேலி என்ற பெயருக்கும் முடிச்சுப்போட ஆசை வரும். ஊர் அச்சுக்கூடத்துக்கு மிக முந்தியது. ஆகவே அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடுவோம். ஆனால், 'அச்சு' என்ற சொல்லுக்கு வார்ப்புரு என்றும் ஒரு பொருள் இருப்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.)

தம்பிமுத்துப்பிள்ளை வெளியிட்ட நாடகங்களுள் ஒன்று 'எஸ்தாக்கியார் நாடகம்'. எஸ்தாக்கியார் கதை கத்தோலிக்க உலகம் முழுவதும் அறிந்த ஒன்று. திராயன் மன்னனின் படையில் பிளாசிதுஸ் என்று ஒரு தளபதி இருந்தான். வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு கலைமானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவையைக் கண்டான்; மனம் மாறினான்; எஸ்தாக்கியார் என்று பெயர் பெற்றான். அதன் பின்னர் செல்வம் போயிற்று, மனைவியும் மக்களும் பிரிந்தனர், தளபதி கூலிக்காரனானான். மீண்டும் போர் மூண்டபோது மன்னன் ஆளனுப்பித் தேட, பழைய வீரர் இருவர் அவன் தழும்பைக் கண்டு அடையாளம் பிடித்துக் கூட்டிவந்தனர். கவசம் மறுபடியும் அவன் மார்பில் ஏறியது. இறுதியில், விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தான்.

இந்தக் கதையை ஒரு கூத்துக்காரனின் கண்ணால் பார்த்தால் ஒன்று புலப்படும். கதையின் ஒவ்வொரு திருப்பமும் கவசத்தைப் பூட்டுவதிலோ கழற்றுவதிலோதான் நிகழ்கிறது. தளபதியாக இருக்கையில் கவசம், ஏழையானபோது வெற்று மேனி, மீண்டும் கவசம், பின்னர் வேதசாட்சியின் எளிமை. விடிய விடிய ஆடும் எங்கள் கூத்துகளில் முதன்மைப் பாத்திரத்தை ஒருவரே ஆடுவதில்லை. முன்கட்டத்துக்கு ஒருவர், பின்கட்டத்துக்கு இன்னொருவர் என்று பங்கிடுவார்கள். ஆகவே அந்தக் கவசம் ஒரே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட உடம்புகளுக்குப் பொருந்த வேண்டும். விரைவாகக் கழற்றவும் பூட்டவும் வேண்டும். நான்கு மணி நேரம் ஆடினாலும் அவிழக்கூடாது. இது சிறிய தொழில்நுட்பம் அன்று.

நாடகப் புத்தகம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. விருத்தம் இருக்கும், தரு இருக்கும், வசனம் இருக்கும். வரவுப் பாட்டிலே மன்னன் பொன்முடியும் மணிப் பதக்கமும் துலங்க வருகிறான் என்று பாடப்படும். அந்தப் பொன்முடியை எந்த மரத்தில் செய்வது, எத்தனை விரல் உயரம் வைப்பது, உள்ளே எதைச் சுற்றினால் நெற்றி புண்ணாகாது என்பனவெல்லாம் அண்ணாவியாரின் வாயிலும் உடுப்புச் செய்தவர்களின் கையிலும் இருந்தன. பாட்டு அச்சேறியது. கவசம் அச்சேறவில்லை.

அச்சுவேலியிலோ குருநகரிலோ மன்னாரிலோ வாழ்ந்த ஒரு தோட்டக்காரனோ மீனவனோ உரோமைப் படைத் தளபதியை எங்கே கண்டிருப்பான்? போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி 1658 வரை ஆண்டார்கள். அவர்களுடைய இரும்புத் தொப்பியையும் மார்புக் கவசத்தையும் அக்காலத்தவர் கண்டிருப்பர். மன்னாரில் ஆடப்பட்ட 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' போன்றவற்றில் பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் இன்றளவும் ஒட்டிக்கொண்டிருப்பதும் இதற்குத் துணையாகும். ஆனால் அதைவிட எளிய விடை ஒன்று எனக்குத் தோன்றுகிறது. உரோமைக் கவசத்தைப் பார்க்க ஊரிலேயே ஓர் இடம் இருந்தது. அது கோயில். பசாசை மிதித்து நிற்கும் மிக்கேல் சம்மனசின் சுரூபத்தைப் பாருங்கள். மார்பை இறுக்கிப் பிடித்த தட்டு, இடுப்பிலிருந்து தொங்கும் தோல் வார்கள், குஞ்சம் வைத்த தலைக்கவசம் எல்லாம் உரோமைப் படைவீரனுடையவை. குதிரைமேல் வாளேந்தி வரும் சந்தியோகுமையோரும் போர்வீரரே. ஞாயிறு தோறும் பூசைக்குப் போனவன் கண்ணால் அளவெடுத்து வந்து வீட்டு விறாந்தையில் வைத்துச் செய்திருக்கிறான் என்று கொள்வதில் பிழை இராது.

சைவர்களுக்கும் இது அந்நியமான கலை அன்று. சூரன்போர் நாளில் ஒரே உடலில் ஆனைமுகன், சிங்கமுகன், சூரன் என்று தலைகளைக் கழற்றிப் பூட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மட்டக்களப்பு வடமோடியில் அரசனுக்குக் கரப்புடுப்பும் கனத்த முடியும், தென்மோடியில் இலேசான பூமுடி. மீன்பிடிக்கும் கரப்பை ஒத்த கூடு இடுப்பைச் சுற்றி விரியும், அதன்மேல் துணி. அரசன் நடந்து வருவதைப் பார்த்தால் ஒரு சிறு தேர் அசைவது போலிருக்கும். அந்த உடுப்புடன் உடம்பை வளைத்து ஆட முடியாது. கால்தான் ஆட வேண்டும். வடமோடி ஆட்டத்தின் மிடுக்கு என்று நாம் வியந்து எழுதுவதில் ஒரு பங்கு பிரம்புக்கும் மரத்துக்கும் உரியது.

இனி, கடல் கடந்து போவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவில் ஸ்காபறோவில் உறவினர் வீடொன்றில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். எனக்கு மருமகன் முறையான இளைஞன் ஒருவன் அந்த வீட்டின் நிலக்கீழ் அறையை ஒரு பட்டறையாக மாற்றியிருந்தான். மேசை நிறைய முட்டையோட்டைப் போன்ற வெள்ளைத் துண்டுகள். 'ஸ்ரார் வோர்ஸ்' படத்தில் பேரரசின் படையாக வரும் ஸ்ரோம்ற்றூப்பர் என்னும் வெள்ளைக் கவச வீரர்களின் உடுப்பு அது. பெட்டியில் வருவது கவசம் அன்று, கவசத்தின் மூலப்பொருள். வார்த்தெடுத்த பிளாஸ்ரிக் தகடுகளின் ஓரத்தில் வேண்டாத பகுதி அப்படியே இருக்கும். கத்தியால் கோடு கீறி, வளைத்து ஒடித்து, உரசுதாளால் தேய்த்து எடுக்க வேண்டும். கைக்கும் காலுக்கும் சிப்பி போல இரண்டு பாதிகள். அவற்றைத் தன் உடம்பின் சுற்றளவுக்கு வெட்டி, முட்டிப் பொருத்தி, மூட்டின்மேல் ஒரு பட்டியை ஒட்ட வேண்டும். அந்தப் பட்டி கைக்கு 15 மில்லிமீற்றர், காலுக்கு 20 மில்லிமீற்றர் அகலம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பசை நன்றாகப் பிடிக்க ஒரு நாள், இரண்டு நாள். வளைவு சரியில்லையென்றால் கொதிநீருக்குக் கிட்டிய சூட்டில் அமிழ்த்தி இளக்கிக் கையால் வளைப்பார்கள். உடம்புப் பகுதிக்குப் பூச்சு வேண்டியதில்லை. பிளாஸ்ரிக்கின் வெண்மையே போதும். தலைக்கவசத்தில்தான் வர்ணவேலை. கன்னத்துக் குழாய்களில் வரும் நீலக் கோடுகளுக்கு ஹம்ப்ரோல் நிறுவனத்தின் 14ஆம் இலக்க நீலம், கண்ணுக்குக் கீழ் வரும் அடையாளங்களுக்கு 5ஆம் இலக்கச் சாம்பல் நிறம். இலக்கம் மாறினால் கூட்டாளிகள் ஒத்துக்கொள்ளமாட்டார்களாம்.

அவனுடைய அம்மம்மா படியிறங்கி வந்து பார்த்தார். அச்சுவேலியில் பிறந்து வளர்ந்தவர். மார்புத் தட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உது எங்கட எஸ்தாக்கியார் போட்ட உடுப்பு மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

நான் கொப்பியை எடுத்தேன். பத்திரிகைக்காரனின் பழக்கம் அது. அவர் சொன்னவை இவை. அவருடைய சிறுவயதில் கூத்து வருகிறதென்றால் இரண்டு மாதம் முன்னதாகவே வீட்டில் சேகரிப்பு ஆரம்பமாகும். தகப்பனாரின் சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாள் ஒன்றும் எறியப்படாது. நகத்தால் நீவி, புத்தகத்துக்குள் வைத்து மட்டப்படுத்துவார்கள். தேயிலைப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிய ஈயத்தாள் கிடைத்தால் அது பெரிய புதையல். மட்டையைச் சட்டைத் தையற்காரர் போல மார்பில் வைத்து வெட்டி, கோதுமை மாவைக் காய்ச்சிய பசையால் துணியை ஒட்டி, வெயிலில் காயவிட்டு, அதன்மேல் வெள்ளித்தாள். விளிம்புக்கு உடைந்த வளையலும் கண்ணாடித் துண்டும். பின்புறத்தில் கட்டுக் கயிறு. யார் போட்டாலும் இறுக்கவோ தளர்த்தவோ அது உதவும். பசையில் எறும்பும் கரப்பானும் வராதிருக்க அதற்குள் எதையோ கலந்தார்களாம். என்னவென்று அவருக்கு நினைவு வரவில்லை. மயில்துத்தமாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். "இருக்கும்" என்றார், என் மனம் நோகக்கூடாது என்பதற்காக.

பையன் கேட்ட ஒரே கேள்வி, "அந்த உடுப்பின்ர அளவு எங்கயாவது இருக்கா, அம்மம்மா?" என்பதுதான். அவர் சிரித்தார்.

இப்போது அந்த வெள்ளைக் கவசத்தின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். அது வெளியான ஆண்டு 1977. ஓவியர் ரால்ஃப் மக்குவாரி வரைந்த படங்களிலிருந்து நிக் பெம்பர்ட்டன் களிமண்ணில் தலைக்கவசத்தின் மாதிரியைச் செய்தார். லண்டனுக்கு அண்மையில் ருவிக்கன்ஹாம் என்னும் இடத்தில் சிறு பட்டறை வைத்திருந்த அன்ட்ரூ எயின்ஸ்வர்த் அதைப் பார்த்து அச்சு செய்தார். (அச்சு என்ற சொல்லை இதற்காகத்தான் நினைவில் வைக்கச் சொன்னேன்.) சூடாக்கி இளக்கிய பிளாஸ்ரிக் தகட்டை அச்சின்மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சை இறுகத் தழுவிக்கொள்ளும். ஆறியதும் கழற்றி எடுக்கலாம். 1976இல் ஏறத்தாழ 50 தலைக்கவசங்களை அவர் இவ்வாறு செய்து கொடுத்தார். அணிந்தவர்கள் பட்ட பாடு தனி. உட்கார முடியாது, கண்ணாடிக்கூடாக அரைகுறைப் பார்வை. படத்திலேயே ஒரு வீரர் கதவின் மேல்விளிம்பில் தலையை மோதிக்கொள்வார். அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்று அதைத் தேடிப் பார்க்கும் கூட்டம் இருக்கிறது. அண்ணாவியார் பார்த்திருந்தால் அவனை அடுத்த கூத்தில் சேர்த்திருக்கமாட்டார்.

2004இல் எயின்ஸ்வர்த் தம்மிடமிருந்த பழைய அச்சுகளைக் கொண்டு தலைக்கவசங்களை மீண்டும் செய்து விற்கத் தொடங்கினார். படநிறுவனமான லூக்காஸ்ஃபிலிம் வழக்குத் தொடுத்தது. அமெரிக்க நீதிமன்றம் 2006இல் அந்நிறுவனத்துக்கு 2 கோடி டொலர் தீர்ப்பளித்தது. ஆனால் இங்கிலாந்தில் வழக்கு வேறு பாதையில் சென்றது. உயர் நீதிமன்றம் 2008இலும், மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இலும், இறுதியாக ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் 2011 ஜூலை 27ஆந் திகதியும் தீர்ப்புக் கூறின. அமெரிக்கப் பதிப்புரிமை மீறலை ஆங்கில நீதிமன்றத்தில் விசாரிக்கலாம் என்ற பகுதியில் நிறுவனம் வென்றது. எனினும் எல்லோரும் எதிர்பார்த்த கேள்வி வேறு. அந்தத் தலைக்கவசம் ஒரு சிற்பமா?

சிற்பமென்றால் பதிப்புரிமை நீண்ட காலம் நீடிக்கும். பயன்பொருள் என்றால் 15 ஆண்டுகளுடன் முடிந்துவிடும். சிற்பமன்று என்றே மூன்று நீதிமன்றங்களும் தீர்த்தன. உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நியாயத்தின் சாரம் இது: கலைப்படைப்பு என்பது திரைப்படம். தலைக்கவசம் அந்தப் படத்தை உருவாக்குவதற்குப் பயன்பட்ட ஒரு பொருள். ஆகவே அது உபகரணம்.

சட்டமாக இது சரியா தவறா என்று தீர்ப்பது என் வேலை அன்று. என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறொன்று. 'நாடகமே கலை, உடுப்பு உபகரணம்' என்ற இந்தத் தீர்ப்பை லண்டன் நீதிபதிகளுக்கு வெகுகாலம் முன்னரே நாங்கள் எழுதி முடித்துவிட்டோம்! ஒருவரும் வழக்குத் தொடுக்காமலேயே.

தம்பிமுத்துப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அவர் அச்சகக்காரர், எழுத்தை அச்சிட்டார். அவர் அச்சிட்டிராவிட்டால் எழுத்தும் போயிருக்கும். பேராசிரியர் சு. வித்தியானந்தனையும் குறை சொல்ல முடியாது. 'அலங்காரரூபன் நாடகம்' (1962), 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' (1964), 'மூவிராசர் நாடகம்' (1966), 'ஞானசவுந்தரி நாடகம்' (1967) என்று ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்தவற்றைப் பதிப்பித்தவர் அவர். பேராதனையில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றிக் கூத்துக்குப் படித்தவர் மத்தியில் மதிப்பைத் தேடித் தந்தவர். வட்டக்களரியை விட்டுப் படச்சட்ட மேடைக்கு, விடிய விடிய ஆடுவதை விட்டு இரண்டு மணி நேரத்துக்கு என்று அவர் கூத்தைக் கொண்டுவந்தார். அந்தப் பயணத்தில் பாரமான உடுப்பு இலேசானது இயல்பே. மின்விளக்கின் கீழே கண்ணாடித் துண்டு கண்ணைக் குத்தும். தீவட்டியின் ஆடும் வெளிச்சத்துக்காக ஒட்டப்பட்ட கண்ணாடி அது. நெருப்பு அசைய அசைய மார்பில் நூறு நெருப்பு அசையும். வெளிச்சம் மாறியபோது அதற்கு வேலையில்லாமல் போயிற்று. இவையெல்லாம் நியாயமான மாற்றங்கள். ஆனால் மாற்றுவதற்கு முன் பழையதை அளந்து வைக்கும் எண்ணம் பாட்டுக்கு வந்த அளவுக்குக் கவசத்துக்கு வரவில்லை. ஒரு தருவில் ஓர் எழுத்துப் பாடபேதத்துக்கு அடிக்குறிப்புப் போட்ட அறிஞர் உலகம், ஒரு முடியின் குறுக்குவெட்டை வரைந்து வெளியிடுவதில் அந்த ஆர்வத்தைக் காட்டவில்லை.

தமிழகத்தின் வட மாவட்டங்களில் நிலைமை சற்று வேறு. அங்கே தெருக்கூத்துக்குக் கட்டைக்கூத்து என்றும் ஒரு பெயர் உண்டு. கட்டை என்பது மரம். முடி, புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகிய மர அணிகளை அணிந்து வரும் வேடம் கட்டை வேடம். கலைக்கே கவசத்தின் பெயர்! 1990இல் காஞ்சிபுரம் பகுதியில் பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புறூயினும் மற்றக் கலைஞர்களும் அமைத்த சங்கம் இந்தப் பெயரையே விரும்பி ஏற்றது. வேடம் கட்ட மணிக்கணக்காகும். நடிகரே தம் முகத்துக்கு எழுதி, தாமே கட்டிக்கொள்வார். ஒவ்வொரு அணியும் ஏறும்போது ஆள் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து, துரியோதனன் வெளிப்படுவான். கர்ண மோட்சம் ஆடும் ஊர்களில், பிறவிக் கவசத்தை அறுத்துக் கொடுப்பவனின் வேடத்துக்கே மரக்கவசம் பூட்டுகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த அணிகளைச் செய்யப் பயன்படும் மரம் கல்யாண முருங்கை. மிக இலேசானது, உளிக்கு எளிதில் இணங்கும், காய்ந்தால் சோளத்தண்டு போலக் கனமே தெரியாது. யாழ்ப்பாணத்தில் இதற்கு முள்முருக்கு என்று பெயர். வேலிக்கு வேலி நிற்கிற மரம். கலியாண வீட்டில் கன்னிக்காலாக நடுகிற மரம். செங்காந்தள் நிறத்தில் பூக்கும். ஆடு விரும்பித் தின்னும். அரசர்களின் மார்புக்குரிய மரத்தை நாங்கள் ஆட்டுக்குக் குழைவெட்டக் கிளைகளாகவே அறிந்திருக்கிறோம்.

இதற்கு நேர்மாறாக, 50 ஆண்டு வயதுகூட நிரம்பாத ஒரு படத்தின் பிளாஸ்ரிக் கவசத்துக்கு எவ்வளவு பதிவுகள்! 1997இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் அல்பின் ஜோன்சன் என்பவர் தொடங்கிய '501ஆவது லீஜன்' என்ற அமைப்பு இன்று பல நாடுகளில் கிளைவிட்டிருக்கிறது. சேர வேண்டுமானால் உங்கள் கவசம் படத்தில் உள்ளதைப் போலவே இருக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் நிழற்படமும் விதியும் வைத்திருக்கிறார்கள். முகம் தெரியும் கிட்டத்துக் காட்சிகளுக்கான தலைக்கவசத்தில் கண்ணாடி குமிழாக இருக்கும், மற்றவற்றில் தட்டையாக இருக்கும் என்ற வித்தியாசத்தைக்கூடக் கைவிடவில்லை. பணமில்லாமல், கட்டளையில்லாமல், வெறும் ஆசையால் இத்தனையும் செய்தார்கள். இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் சிரிக்கத் தயாரில்லை. அளவெடுத்து எழுதிவைத்த விளையாட்டுப் பொருள் நிலைக்கும். எழுதிவைக்காத அரும்பொருள், செய்தவனோடு போய்விடும்.

எங்கள் கவசங்கள் எப்படிப் போயின என்பதற்குக் கறையானையும் மழையையும் மட்டும் காரணம் சொல்ல முடியாது. 1990க்குப் பின்னர் குடாநாட்டில் மின்சாரமில்லை. பொருளாதாரத் தடையால் அத்தியாவசியப் பொருட்களே அரிதாயின. 1995 ஒக்ரோபர் 17ஆந் திகதி இராணுவத்தின் 'ரிவிரெச' நடவடிக்கை ஆரம்பமாயிற்று. பலாலியிலிருந்து தெற்கே நகர்ந்த அந்தப் படையெடுப்பின் பாதையில் முதலில் அகப்பட்ட ஊர்களில் அச்சுவேலியும் ஒன்று. ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து, மழையில், பாலங்களைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. சைக்கிளின் பின்னால் ஒரு சாக்கு அரிசி, கைக்குழந்தை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ். எந்தக் குடும்பம் அந்தச் சைக்கிளில் எஸ்தாக்கியாரின் மார்புக் கவசத்தை ஏற்றியிருக்கும்? 1996இல் ஏராளமானோர் திரும்பி வந்தபோது கூரையும் கதவும் நிலையுமே போயிருந்த வீடுகளில், மட்டைப்பெட்டிக்குள் வைத்த கூத்துடுப்பை யார் தேடியிருப்பார்கள்? நாடகப் புத்தகத்தின் பிரதி ஒன்று எங்காவது நூலகத்தில் தப்பியிருக்க வாய்ப்புண்டு. அச்சின் பலன் அது. 2005இல் ஆரம்பித்த நூலகம் இணையத்தளம் போன்ற முயற்சிகள் அவ்வாறு தப்பியவற்றைத்தான் இன்று திரையில் காட்டுகின்றன.

கவசம் இல்லாத இடத்தில் கற்பனை புகுந்துவிடுகிறது. நல்லூர் முத்திரைச் சந்தியில் 1974இல் எழுப்பப்பட்டு, 2011இல் புதிதாக அமைக்கப்பட்ட சங்கிலி மன்னன் சிலையைப் பார்க்கிறவர்கள், யாழ்ப்பாண அரசர் அப்படித்தான் உடுத்தினார் என்று நம்புகிறார்கள். என் கண்ணுக்கு அதில் தெரிவது வரலாற்றைவிட மேடைதான். நாடகமும் திரைப்படமும் நாட்காட்டிப் படங்களும் சேர்ந்து தைத்த உடுப்பு அது. அதைத் தவறென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மேடை உடுப்பையாவது ஆதாரத்தோடு அறிந்திருந்தால், எது மேடையிலிருந்து வந்தது என்று சுட்டிக்காட்ட முடிந்திருக்கும்.

இன்றும் கூத்து ஆடப்படுகிறது. பாஸ்கா மேடைகளில் உரோமை வீரர்கள் வருகிறார்கள். மரத்தின் இடத்தை ரெஜிபோமும், வெள்ளித்தாளின் இடத்தைத் தெளிக்கும் பொன்வர்ணமும் பிடித்துவிட்டன. ரெஜிபோம் வெட்ட எளிது, இலேசானது. ஓர் இரவு தாங்கும், மறு ஆண்டுக்குத் தாங்காது. அந்தப் பொன்வர்ணத்தில் கரைப்பான் இருந்தால் ரெஜிபோமையே தின்றுவிடும். முதலில் கடதாசியோ நீர்ப்பூச்சோ ஒட்டிக் காயவிட்டுத்தான் தெளிக்க வேண்டும். இதைப் பட்டுத் தெரிந்துகொண்ட இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதுவும் ஓர் அறிவுதான். அதையும் எவரும் எழுதவில்லை. ஸ்காபறோப் பையனின் பிளாஸ்ரிக்குக்கும் ஆயுள் கெட்டியன்று. வெயில் பட்டால் அந்த வெண்மை மஞ்சளாகும். ஆனால் அவனிடம் அச்சின் அளவு இருக்கிறது, இன்னொன்று செய்துகொள்வான்.

கூத்தாடியவர்கள், உடுப்புச் செய்தவர்கள், அவர்களுக்குப் பசை காய்ச்சிக் கொடுத்தவர்கள் இன்னும் சிலர் ஊரிலும் வெளியிலும் இருக்கிறார்கள். வாசகர்களில் எவருக்காவது அப்படி ஒரு பெரியவர் வீட்டில் இருந்தால் கேட்க வேண்டியவை அதிகமில்லை. முடி எந்த மரம்? எத்தனை விரல் உயரம்? உள்ளே எதைச் சுற்றினார்கள்? தோளில் வரும் அணியைத் தோளில் கட்டினார்களா, முதுகில் கட்டினார்களா? சிவப்புக்கும் பச்சைக்கும் கடைப் பூச்சு வருவதற்கு முன் எதைப் பூசினார்கள்? பசைக்குள் என்ன போட்டார்கள்? கையால் காட்டச் சொல்லுங்கள். காட்டும்போது அந்தக் கைக்குப் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுங்கள். ஊருக்குத் தொலைபேசியில் கேட்பதானால் நேர வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்பது வயதுக்காரர்கள் இரவு எட்டு மணிக்கே படுத்துவிடுவார்கள்.